உப்பு

டிக்... டிக்... எண்டு
மூண்டு நாளாய் ஒரே இடத்தைத் தட்டுது
குருநகர்ச் சங்கத்தின்ர ஹார்ட் டிஸ்க்.
ஆர் ஆருக்கு எவ்வளவு வலைக்கடன்,
எல்லாம் இதுக்குள்ள.
செயலாளர் பிலோமினா அக்கா
கஸ்தூரியார் வீதியில என்ர கடைவாசலில,
செபமாலையோட.

பலகையைக் கழட்டிப் பார்த்தன்:
தொடுமுனையெல்லாம் கறுத்து,
கடற்காத்து தின்ட தடம்.
மகளின்ர கொம்பாஸ் பெட்டிக்குள்ள கிடந்த
அழிறப்பரால
மெல்ல மெல்லத் தேய்ச்சன்.
அழிக்கத்தான் அது;
இண்டைக்கு வேற வேலை.

சத்தம் நிண்டது.
பேர்கள் ஒவ்வொண்டாய்க் கரையேறுது.

சைக்கிளை நிப்பாட்டி எட்டிப் பார்த்த
சவிரிமுத்து கேட்டார்:
"வந்திட்டுதோ?"
"வந்திட்டுது."
சிரிச்சார்,
உதடு மட்டும்.

அவர் போனாப்பிறகுதான் பார்த்தன்,
எண்பத்தேழாவது வரியில
என்ர தம்பி.

பிரதி எடுக்கவோ எண்டு
கணினி கேக்குது.