தலை, நகர்

வர்த்தமானி வெள்ளி இரவு வந்தது, சிங்களத்தில்.
தமிழ்ப் பிரதி பின்னர் அனுப்பப்படும் என்று
அடியில் ஒரு வரி. அதுவும் சிங்களத்தில்.
விடியமுன் பலகையில் ஒட்டவேணும்,
நீர்தான் செய்யவேணும் என்றார் செயலாளர்.
நகரசபைக்கு மொழிபெயர்ப்பாளன் நான் ஒருவன்.

மாகாண சபை போன மாதமே போயிற்று.
அதன் மடியில் இருந்ததால் இப்போது நாங்கள்.

நிர்வாகம் நடத்தவியலாத நிலைமை எழுந்துள்ளதென்று
மேலே உள்ளவர் திருப்தியடைந்தால்
(சட்டம் அப்படித்தான் சொல்கிறது, திருப்தி,
விருந்து முடித்துக் கை கழுவுகிறவரைப்போல)
சபையின் தத்துவங்கள் யாவற்றையும்
தாமே ஏற்றுக்கொள்ளலாம்.

அதிகாரத்துக்குச் சட்டத் தமிழில் தத்துவம் என்று பெயர்.
இருபத்தொரு வருசமாய் அந்தச் சொல்லைக் கண்டு
தனியாகச் சிரித்து வருகிறேன்.
அன்றிரவு சிரிப்பு வரவில்லை.
ஏற்பதென்றால் யாரோ நீட்டியிருக்க வேண்டுமே.
நீட்டிய கையைப் பந்தி பந்தியாய்த் தேடினேன்.
எடுத்துக்கொள்ளலாம் என்று தட்டினேன். அழித்தேன்.
ஏற்றுக்கொள்ளலாம்.
பென்சனுக்கு இன்னும் ஆறு வருசம் கிடக்கிறது.

இந்த ஊர் மாகாணத்தின் தலைநகர்.
பிரித்து எழுதிப் பாருங்கள்: தலை, நகர்.
ஏவல் வினை.
தலையே, கொஞ்சம் அங்கால தள்ளி இரு.

திங்கள் விசேட ஆணையாளர் வந்தார்.
நல்ல மனிசன், பொய் சொல்லக்கூடாது.
எல்லாருக்கும் எழும்பி வணக்கம் சொன்னார், ணகரம் பிசகாமல்.
தவிசாளரின் கதிரையில் இருக்கக் கூச்சப்பட்டு
பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போடுவித்தார்.
பெரிய கதிரை வெறுமையாய் நின்றது,
மூத்திரத்துக்குப் போனவர் இப்ப வந்துவிடுவார் என்பதுபோல.

கூட்ட அறிக்கைப் புத்தகத்தை அவருக்கு வாசித்துச் சொன்னேன்.
கடைசிக் கூட்டம், ஏழாம் விடயம்:
திருக்கடலூர்க் கடற்கரை ஒழுங்கைக்கு ஆறு தெருவிளக்குப் போடுவதெனக்
கௌரவ உறுப்பினர் ஜெஸீமா முன்மொழிய
கௌரவ உறுப்பினர் பூரணச்சந்திரன்

அதோடு நிற்கிறது.
மூன்று வருசம் ஒருவர் முகத்தை ஒருவர் பாராத இரண்டு பேர்.
அவர் எழும்பினார், வாயைத் திறந்தார், கரண்ட் போனது.
இருட்டுக்குள் ஏதோ சொன்னார். நான் கேட்டேன்.
எழுதத்தான் தெரியவில்லை, பேனை எங்கே என்று.

புதன் பொதுமக்கள் தினம்.
ஜெஸீமா ஜமாலியாவிலிருந்து ஓட்டோவில் வந்து
பதினாலாம் இலக்கத் துண்டோடு வாங்கில் இருந்தார்.
முறை வந்ததும்
"நாங்க தீர்மானிச்ச லைட் ஆறும் எங்க?" என்றார்.

நான் ஆணையாளருக்குச் சிங்களத்தில் சொன்னேன்:
மனுதாரர் ஆறு விளக்குகள் வேண்டுமெனப் பணிவுடன் கேட்கிறார்.

மறந்துபோனேன். கண்டி வீதியில் அவருக்கு
ஹார்ட்வெயார் கடை. என்னிலும் நல்ல சிங்களம்.
அவர் ஆணையாளரைப் பார்க்கவேயில்லை.
என்னைத்தான் பார்த்தார்,
நிறை குறைந்த ஆணிப் பொட்டலத்தைக்
கையில் ஏந்திப் பார்ப்பதுபோல.
பிறகு துண்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பரிசீலிக்க, என்று எழுதி ஒப்பமிட்டார் நல்ல மனிசன்.

கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
பலகையில் என் மொழிபெயர்ப்பைக் கடித்துக்கொண்டு நின்றது.
கோதுமைப் பசை, பாவம், ருசியாய் இருந்திருக்கும்.
காவலாளி நல்லலிங்கம் துரத்தப் போனார், விடுங்கோ என்றேன்.
மூலையில் ஒரு கிழிசல் மிஞ்சியது: தற்காலிகமாக.
மாதாமாதம் திகதியை மட்டும் மாற்றி
மறுபடி ஒட்டுகிறேன்.

நேற்று வேலை முடிந்து திருக்கடலூருக்கு நடந்தேன்.
வாயில் போனைக் கவ்விக்கொண்டு
அந்த வெளிச்சத்தில் வள்ளம் இழுத்தார்கள்.
ஆர் அது? என்று ஒருவன் கேட்டான்.
சபையிலிருந்து, என்று சொல்ல வாயெடுத்தேன்.
எந்தச் சபை?
பேசாமல் போய் நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.