நூற்றியொரு ரூபாய்

பச்சூரில் பாசஞ்சர் ஏறினால்
எனக்குக் குப்பம் அரைமணி நேரம்.
மல்லானூர் வருமுன்னே செல்போன் அதிர்ந்து
ஆந்திராவுக்கு வரவேற்கும்.
அவளுக்கு மூன்று விமானம், ஒரு பேருந்து,
பெங்களூரில் தொலைந்த ஒரு பெட்டி.

விடுதிப் பதிவேட்டில்
என் பெயருக்கு நேரே நான்-லோக்கல்,
அவள் பெயருக்கு நேரே ஃபாரினர்.
இரண்டையும் ஒரே அறையில் போட்டார்கள்.
கொசுவலை ஒன்று.

மொய்ட்சா என்றாள்.
கல்யாணத்தில் எழுதுவோமே, அந்த மொய்யா?
துண்டை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினேன்.
ஊர்?
தொல்மின்.
இலக்கணம் படிக்க வந்தவள் விடுவேனா,
பிரித்துப் பார்த்தேன்:
தொல், மின். பழைய மின்னல்.
அதெல்லாம் இல்லை, என்றாள்,
ஒரு ஆறு, இரண்டு பேக்கரி.

முதல் மூன்று மாதம்
சித்தூர் போலீஸ் ஆபீசுக்கு அலைந்தோம்.
வாடகைச் சான்று இல்லை.
போட்டோவில் காது தெரியவில்லை.
சார் லீவு.
திரும்பும் பஸ்ஸில் ஒருநாள் சொன்னாள்:
எங்கள் மொழியில் ஒருமை, பன்மை,
நடுவே இருவருக்கு மட்டும் தனியாக ஒன்று.
இங்கே அதைப் பேச ஆளில்லை.
ராத்திரியில் சுவரைச் சேர்த்துக்கொண்டு
இரண்டாகிறேன்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
நாம் வேறு, நாங்கள் வேறு என்று
பாடம் நடத்தினேன்.
எதிரே நிற்பவரைச் சேர்ப்பது நாம்,
விடுவது நாங்கள்.
குறித்துக்கொண்டாள்.
மறுநாள் மெஸ்ஸில்
"நம்ம சாம்பார்ல உப்பே இல்ல" என்று
சமைத்த முனெம்மாவையும் சேர்த்துவிட்டாள்.
முனெம்மா கோபித்துக்கொள்ளவில்லை.
உப்பு டப்பாவை வைத்துவிட்டுப் போனவள்
தை மாதம்
மகள் கல்யாணப் பத்திரிகையும் வைத்தாள்.

மாப்பிள்ளை நாட்றம்பள்ளி.
மண்டபத்தில் பாதித் தமிழ், பாதித் தெலுங்கு.
தெலுங்கில் மொய்யைப் படிப்பார்கள்,
தமிழில் எழுதுவார்கள்.
அன்றைக்கு மைக்கும் இருந்தது, நோட்டும் இருந்தது.
நூறு ரூபாய்த் தாளோடு
என்னிடம் கடன் வாங்கிய ஒரு ரூபாயையும் நீட்டினாள்.

"எந்த ஊரும்மா?" என்றார் கோதண்டம்,
பேனாவை உதறியபடி.
"குப்பம்."
எந்தப் படிவமும் அவளை எழுதவிடாத பதில்.

முனெம்மாவின் வீட்டுக்காரர்
மாலையும் கழுத்துமாகக் குறுக்கே வந்தார்.
"அப்படி எழுதாதீங்க.
நாளைக்குத் திருப்பிச் செய்யணும்.
அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு
நான் எங்கன்னு போய் நிப்பேன்?
சொந்த ஊரைக் கேட்டு எழுதுங்க."

மொழிபெயர்த்தேன்.
மொய் என்றால் கடன்,
வாங்கியவர் ஒருநாள்
கொடுத்தவர் வாசலுக்கு வந்தாக வேண்டும்,
அவர் உன்னை விலக்கவில்லை.
"நூற்றியொரு ரூபாய்க்கு
அவ்வளவு தூரமா?" என்றாள்.
நூற்றியொரு ரூபாய்க்குத்தான்.

எழுத்துக்கூட்டி எழுதினார் கோதண்டம்.
மல்லானூருக்குக் கீழே, வாணியம்பாடிக்கு மேலே
தொல்மின்.
பெயரில் பாதியை விழுங்கிவிட்டு
மைக்காரர் தெலுங்கில் படித்தார்,
தொல்மின் மொய்ஜம்மகாரு, நூட்டொக்க ரூபாயி.

பந்தியில் பக்கத்து இலைக்காரர்
ரசத்தை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்:
"தொல்மின் எங்க இருக்கு,
வி.கோட்டாவுக்கு அந்தப் பக்கமா?"
ஆமாம், என்றேன்.
அந்தப் பக்கம்தான்.