சுருங்கியிருக்கிறது

மூன்று வாரம் முன்பு
ஐந்து ரோட்டு ஸ்கேன் சென்டரில்
அந்த வார்த்தையைத் தட்டியவள் நான்தான்.
வெளியே பதினேழு பேர்.
ஈரலின் அடிக்குழியில் பை தெரியவில்லை,
ஒரு வெள்ளைக் கீற்று, அதன் பின்னால் நிழல்.
சுருங்கியிருக்கிறது, கல் இருக்கலாம்.
காணவில்லை என்று எழுத
எந்தக் கை துணியும்?

இன்று பாவாயி மறுபடி படுத்திருக்கிறாள்.
குகையில் ஆட்டுத்தலை, குடல், ஈரல் விற்கிறவள்.
திங்களன்று அறுவை.
இன்னொரு தடவை பார்த்துவிடச் சொல்லி
சர்ஜன் அனுப்பியிருக்கிறார்.
ஜெல்லியின் குளிருக்கு வயிற்றை எக்கி
"ராத்திரியிலருந்து பச்சத்தண்ணி குடிக்கலீங்க" என்கிறாள்.

மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறேன்.
குழியில் இல்லை.
இடப்பக்கம் ஒதுங்கிப் பிறந்ததோ, இல்லை.
ஈரலுக்குள் புதைந்ததோ, அதுவும் இல்லை.
பனி இறங்கிய இரவில்
ஏற்காட்டு வளைவுகளைத் தடவி ஏறும் வண்டி போல
மடிப்புக்கு மடிப்பு நின்று நின்று போகிறேன்.

"முன்னாடி ஆபரேஷன் ஏதும்?"
"புள்ளைக்குக்கூட வயித்தக் கிழிக்கலீங்க."

திரையை எட்டிப் பார்க்கிறாள்.
"பித்துப்பை ஆம்படலீங்களா?
ஒரு ஆடு அப்படி இருந்துச்சுங்க.
கொங்கணாபுரம் சந்தையில புடிச்ச வெள்ளாடு.
ஈரலத் திருப்புனா, பச்சப்பை இருக்கற எடம்
மொழுமொழுன்னு கெடக்குது.
கை பட்டு ஒடச்சுட்டமோன்னு நெஞ்சு பக்குன்னுச்சு.
அத்தன துண்டையும் அலசி
ஒரு துணுக்க நாக்குல வெச்சுப் பாத்தேன்.
கசக்கல.
யாருகிட்டயும் சொல்லல. நம்புவாங்களா?"

பித்து உடையாமல் இரண்டு விரலில்
கிள்ளியெடுத்துப் பழகிய கை
என் மேசை விளிம்பைப் பிடித்திருக்கிறது.

எம்.ஆர்.ஐ. எழுதினேன்.
சனிக்கிழமை படம் வந்தது:
ஈரலிலிருந்து குடலுக்கு
நேரே இறங்கும் ஒற்றைக் குழாய், சற்றே பருத்து.
கிளை இல்லை, பை இல்லை.
தாய் வயிற்றில் ஐந்தாம் வாரம்
அரும்பியிருக்க வேண்டிய ஒன்று
அரும்பவேயில்லை.
வலி அந்தக் குழாயின் இறுக்கமாம்.
மாத்திரை போதும். கத்தி வேண்டாம்.

"பித்துப் புடிச்சவன்னுதான்
எங்கூட்டுக்காரரு என்னைய ஏசுறது" என்று சிரித்தாள்.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"மொத ஸ்கேனு காசத் திருப்பித் தருவீங்களா?"
கவுண்டரில் பேசி வாங்கிக் கொடுத்தேன்.

அறிக்கைப் படிவத்தில்
கம்ப்யூட்டர் தானே நிரப்பி வைத்திருந்தது:
பித்தப்பை, இயல்பான அளவு.
அழித்தேன்.
அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாதாம்.
சிவப்பில்
மினுக்கிக்கொண்டே இருக்கிறது.