நீலத்தை இழு

“நீலம், ப்ளாஷ்,” என்றாள் யெர்னேயா, இறங்கும் முன்.
“நீலம்,” என்றேன்.
களைத்த மூளையில் ஒரு நிறம்தான் தங்கும்.

ட்ரிக்லாவின் வடக்குச் சுவர். மாலை ஆறரை.
சிவப்பு நுழைந்த இரும்பு வளையம்
யார் அடித்ததோ, எந்த ஆண்டோ.
அதன் பக்கத்தில் நீலத்தோடு பிணைத்த முடிச்சு,
வால் ஒரு முழம் விட்டு.

கீழே போய் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.
முடிச்சு இரண்டு விரல் நகர்ந்து
பாறை விளிம்பில் முட்டியது.
விளிம்புக்கு அப்பால் எடுத்துவிட்டேன்.
பிறகு நானும்.

கால் வைக்க ஒரு சாண் படி.
அவள் நீலத்தை இழுக்க
சிவப்பு என் காதோரம் ஏறிப் போயிற்று,
சொல்லிக்கொள்ளாமல் கிளம்பும் விருந்தாளி மாதிரி.
அதன் நுனியில்
நானே போட்டு
நானே அவிழ்க்க மறந்த முடிச்சு.

கத்தக் குரல் வரவில்லை.
எம்பினேன், இடுப்பு வார் இறுக.
கையில் சிக்கியது கடைசி நாலு விரல்.

அவிழ்த்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை.
நுனி மூடுபனிக்குள் போனது.
அப்புறம் வெகுநேரம்
மலையிடம் இருந்தது எங்கள் கயிறு.

ஒரு சீறல்.
சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டோம்.
தோள்மேல் விழுந்தது
ஈரமாய், முழுதாய்.

இழுத்த நீலத்தை
ஏற்கெனவே கீழ் வளையத்தில் கோத்திருந்தாள்.
என் கண்ணைப் பார்த்து
ஒரே சொல்:
“சிவப்பு.”