பொத்தானுக்கு அத்தை

எங்கள் கம்பெனி விற்பது சாவுக் காப்பீடு.
டர்பன், உம்கேனி சாலை, நான்காம் மாடி.
மாதம் எண்பது ரேண்ட் கட்டினால்
சவப்பெட்டி, கூடாரம்,
இருநூறு பேருக்குச் சாப்பாடு.
வரிசையில் நிற்க வேண்டாம், எல்லாம் இணையத்தில் என்று
சுவரெங்கும் ஒட்டியிருந்தோம்.

மார்ச்சில் ஒரு கடிதம், இனாண்டாவிலிருந்து.
யாரிடமோ சொல்லி எழுதவைத்தது:
"என் மனைவி இறந்த இரவு
உங்கள் படிவத்தின் முன் உட்கார்ந்தேன்.
எனக்குப் பார்வை இல்லை, கணினி படித்துச் சொல்லும்.
பொத்தான் என்றது. பொத்தான். பொத்தான்.
எது அனுப்பும் எது அழிக்கும் என்று சொல்லவில்லை.
ஒன்றை அழுத்தினேன். எல்லாம் போயிற்று.
மறுபடி முதலிலிருந்து அவள் பெயரை அடித்தேன்.
நான்கு முறை."
கீழே: பெகிதெம்பா.

இயக்குநர் கூட்டத்தில் அதைப் படித்தேன்.
திரு மூட்லி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
"இந்த மாதிரி வாடிக்கையாளர் நமக்கு எத்தனை பேர்?"
வாசல்வரை வந்து திரும்பியவர் கணக்கு
எந்தப் பேரேட்டில் இருக்கும் என்றேன்.
அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.
(அதுவும் உதவிக் கருவிதான் ஐயா.
சொல்லவில்லை. பணம் வேண்டியிருந்தது.)

கிடைத்தது: ஆறு மாதம், நான்,
வாரத்தில் இரண்டு நாள் தேசிகன்,
ஜன்னல் இல்லாத ஓர் அறை.
பெகிதெம்பாவையே வேலைக்குக் கேட்டோம்.
"சம்பளம் உண்டா, நன்றி மட்டுமா?" என்றார்.
மறுபடி மூட்லியிடம் ஓடினேன்.

நானூற்றுப் பன்னிரண்டு குறைகள்.
வெள்ளையின்மேல் வெளிர்சாம்பல் எழுத்து,
நுழைந்தால் வெளியேற விடாத தேதிப்பெட்டி.
இருபது நொடியில் பதில் இல்லையென்றால்
கதவைச் சாத்திவிடும் பக்கம்;
கை நடுங்குகிறவருக்கும் அதே இருபது.
யாருக்கு அவசரம்? செத்தவருக்கா?

எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால்
அத்தைதான் காதில் மூன்றுமுறை பெயர் சொல்லவேண்டும்.
சாட்ஸ்வொர்த்தில் தம்பி மகனுக்கு நான் சொன்னேன்.
வீறிட்டு அழுதான்.
அந்தக் குளிர்காலச் செவ்வாய்க்கிழமைகளில்
பொத்தான்களுக்கு அத்தை ஆனேன்.
அனுப்பு.
முந்தைய பக்கம்.
இறப்புச் சான்றிதழை இணை.
தேசிகன் எழுத எழுத
தகரக் கூரையில் ஆலங்கட்டி விழும் வேகத்தில்
பெகிதெம்பா காதில் இயந்திரம் பொரிந்து தள்ளும்.
"இது நீளம். நான் துக்கத்தில் இருக்கிறேன், சுருக்கு."
"ஜூலு பக்கத்தில் துமேலா என்று வை, போதும்."
முகப்புப் படத்துக்குத் தேசிகன் எழுதியிருந்தான்:
கடற்கரையில் சிரிக்கும் குடும்பம்.
"சாவு விற்கிற இடத்தில் யார் சிரிப்பது?" என்றார்.
மூன்று பேரும் சிரித்தோம், கண்ணில் நீர் வரும்வரை;
பிறகு அவர் மட்டும் நிறுத்த நேரமாயிற்று.
அந்தப் படத்துக்குப் பெயரே வைக்கவில்லை.
சிலவற்றை இயந்திரம் பேசாமல் தாண்டிப் போகட்டும்.

மின்வெட்டு மாலைகளில்
நானும் தேசிகனும் திரை அணைந்து தவிக்க
மடிக்கணினியில் மிச்சமிருந்த மின்சாரத்தில்
அவர் தன்பாட்டுக்கு வேலை செய்வார்.
திரை வெளிச்சம் தின்னும் மின்சாரம் அவருக்கு மிச்சம்.

ஆகஸ்டில் ஒரு பக்க விதி. மூட்லி கையெழுத்து:
பெகிதெம்பா கேட்காமல் எதுவும் வெளியே போகாது.
அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள்,
பார்வை உள்ளவர்கள் பார்க்கும் உயரத்தில்.

டிசம்பர். அவர் விடுமுறையில் இருந்தார்.
விளம்பரப் பிரிவு பண்டிகைச் சலுகை ஒன்றை
இரவோடு இரவாக ஏற்றியிருந்தது,
மினுமினுக்கும் நட்சத்திரங்களோடு.
காலை ஆறரைக்குத் தொலைபேசி.
வணக்கம்கூட இல்லை.
"பொத்தான்," என்றார்.
"எத்தனை?"
"ஒன்று. பிறந்து சில மணிநேரம்தான் இருக்கும்."
பல் துலக்காமல் கணினியைத் திறந்தேன்.