ஒரே மீற்றர்

இரவு பதினொன்றரைக்குச்
சுவருக்குள் ஒருவன் உலக்கையைப் போடுவான்.
டொங்.
அலுமாரிக் கண்ணாடி நடுங்கும்.
பிறகு சின்னதாய் இரண்டு, மூன்று,
படியிறங்கிப் போகிறவனைப் போல.

மேலே சில்மியா கோப்பை கழுவி முடித்துவிட்டாள்
என்று அதற்குப் பொருள்.

பதினான்கு மாதமாய் நாங்கள் பேசுவதில்லை.
காரணத்தைச் சொல்ல வெட்கம்: தண்ணீர் பில்.
கீழ்வீடு எனக்குச் சீதனம், மேல்மாடி அவளுக்கு.
வாப்பா சுவரைப் பிரித்தார், படியைப் பிரித்தார்,
மீற்றரைப் பிரிக்காமல் மௌத்தானார்.
"உங்கட வீட்டில அஞ்சு பேர், இஞ்ச நானும் புள்ளையும்.
பாதிப் பாதி எப்பிடி ராத்தா?"
நான் கணக்கு டீச்சர்.
தலைக்கு இவ்வளவு என்று பின்னத்தில் எழுதிப்
படிக்கட்டில் வைத்தேன், அவளுடைய பிள்ளையை
முழு ஆளாய் எண்ணி.
அந்தத் தாளில் மீன் செதில் சுற்றி வந்தது.

அன்றிலிருந்து அவள் செய்தியைச் சுவர்தான் சொல்கிறது.
சுபஹுக்கு எழும்பிவிட்டாள். டொங்.
மெஷின் தண்ணீர் எடுத்து நிறுத்துகிறது. டொங், டொங்.
டோஹாவிலிருந்து புருஷன் வந்திருக்கிறான்,
நடுப்பகலில் ஷவர்.
வேண்டுமென்றே அறைகிறாள் என்று
சாய்ந்தமருதில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டேன்.

நளீர் பாஸ் பகலில் ஒருமுறை வந்தார்,
இரவு பத்துக்கு மறுபடி வந்தார்.
முற்றத்துப் பைப்பில் வட்டமான கருவியொன்றைத் திருகினார்.
என் புருஷன் டோர்ச் பிடித்தார்.
பகலில் இரண்டில் கிடந்த முள்
இப்போது ஆறைத் தாண்டி நின்றது.
"ஊரே பைப்பப் பூட்டிப் படுத்தா
அவ்வளவு அமுக்கமும்
முழிச்சிரிக்கிற ஊட்டுக்குத்தான் வரும்."

சுவரில் காதை வைத்தார்.
"அம்பாறைப் பக்கமிருந்து வயலுக்குக் கீழால
ஓடி வாற தண்ணி, ராத்தா.
படாரென்று பூட்டினா எங்க போய் நிக்கிற?
பின்னுக்கு வாறது முன்னுக்கு நிக்கிறத இடிக்கும்.
ஒரு கிளிப்பும் போடாம பைப்ப உட்டிருக்காங்க,
அது சுவர உதைக்குது."

பிறகு என் குசினிக்குள் போய்,
பெருநாளைக்கு வாங்கிப் பூட்டிய புதுப் பைப்பை,
ஒரு தட்டில் திறந்து ஒரு தட்டில் மூடுகிற
அந்த வெள்ளிப் பிடியைத்
தட்டி மூடினார்.

எங்கள் சுவரில் ஒரு முனகல் மட்டும்.
மேலேதான்
உலக்கை விழுந்தது.
பிள்ளை வீரிட்டு அழத் தொடங்கியது.

"இது உங்கட அடி" என்றார்.
"அவங்கட அடி உங்களுக்கு வருது.
ஒரே லைன்தானே."

பெருநாள் முடிந்து எத்தனை இரவு,
ஒவ்வோர் இரவும் எத்தனை கோப்பை,
எத்தனை முறை அந்தப் பிள்ளை.
அந்தக் கணக்கை நான் போடவில்லை.

அமுக்கம் குறைக்கிற வால்வு,
மீற்றருக்குப் பக்கத்தில் பூட்ட, கூலியோடு பதினெட்டாயிரம்.
இன்னொன்றும் சொன்னார்:
பைப் முடிகிற இடத்தில்
நிமிர்ந்து நிற்கிற ஒரு முழம் வெறுங்குழாய்.
தலையை அடைத்துவிட வேண்டும்.
உள்ளே காற்று மட்டும்.
ஓடி வந்த தண்ணீர் அதில் முட்டி
மூச்சு வாங்கித் திரும்புமாம்.
அதற்கு நானூற்றைம்பதுதான்.

ஒரு தாளில் 18,000 என்று எழுதினேன்.
கீழே கோடு போடவில்லை, வகுக்கவில்லை.
யோசித்து, 450 என்றும் எழுதிப்
படிக்கட்டில் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.
அன்றைக்குக் கோப்பை கழுவி
வெள்ளிப் பிடியைப் பத்து எண்ணி மூடினேன்.

பதினொன்றரை.
மேலே தண்ணீர் விழுந்தது.
சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன்.
சத்தம் மெலிந்தது,
மெலிந்தது,
நூலானது.
அதற்குமேல் நிற்கவில்லை.
பூட்டத் தெரியாமலா, பூட்டப் பயந்தா,
அப்படியே ஒழுக விட்டுப் படுத்துவிட்டாள் போல.

வெளியே இருட்டில்
மீற்றர் சுற்றிக்கொண்டிருக்கும்.
சுற்றட்டும்.