ஆறாவது ஓட்டை

படிக்கவா, டி.வி. பார்க்கவா, வண்டி ஓட்டவா
என்று கேட்டார் கடைக்காரர்.
மேலக்கோபுரத் தெருவில் மாடிக்கடை.
மூன்றுக்கும் ஒரே கண்ணாடி போதும் என்று
மூவாயிரத்து எண்ணூறில் முடித்தார்.
குப்புறப் படுத்துப் பார்ப்பீர்களா என்று
அவர் கேட்கவில்லை.
எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இடையபட்டி. பங்குனி.
ஏழு மணிக்கே தார்ப்பாய் சுடுகிறது.
என் பெயர் வெயிலுகந்தாள்,
வெயிலைப் பற்றி நான் குறை சொல்லக் கூடாது.
சிவப்புக் கொடி ஏற்றியாயிற்று.
ஆடு மேய்ப்பவர்களைத் தள்ளிப் போகச் சொல்லியாயிற்று.
மயில்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

படுத்தேன்.
இடது முழங்கை ரைபிளுக்கு அடியில்,
குதிகால் மண்ணில்,
கன்னம் கட்டையில்.
நாற்பத்தாறு வயது வயிறு
மூச்சை மேலே தள்ளுகிறது.
நிற்கும்போது நேராக இருந்த உலகம்
படுத்ததும் புருவத்துக்குள் ஏறிக்கொண்டது.
தலையைத் தூக்கினால் கன்னம் கட்டையை விடுகிறது,
தாழ்த்தினால்
அட்டை மனிதனின் கழுத்தில் குறுக்கே சட்டம்.
கண்ணாடிச் சட்டத்தைச் சொல்கிறேன்.
இருபத்திரண்டு வருடக் காக்கியில்
சட்டம் எனக்குக் குறுக்கே வந்தது
அன்றுதான் முதல் தடவை.

வியர்வை மூக்கில் இறங்க
கண்ணாடியும் கூடவே இறங்கியது.
சட்டத்துக்கு மேலே ஒருவன்,
கீழே, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து, இன்னொருவன்.
என்னுடையவன் எவன்?
யோசிக்க நேரம் இல்லை.
சுட்டேன், ஐந்தும்.

என் அட்டையில் நான்கு ஓட்டை.
பக்கத்து அட்டை ஒச்சப்பனுடையது.
ஐந்து தோட்டா வாங்கியவன் தாளில் ஆறு.
எஸ்.ஐ. ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டு
மூன்று தடவை எண்ணினார்.
"மழைக்குக் காளான் முளைக்கிற மாதிரிதான் சார்"
என்றான் ஒச்சப்பன், சிரிக்காமல்.
என் நான்கும் இடுப்புக்குக் கீழே கிடந்தன.
அந்த ஆறாவது
இடது கண் இருக்க வேண்டிய இடத்தில்
அவ்வளவு சுத்தமாக இருந்தது.
அப்படி ஒன்றை என் சர்வீஸில் நான் சுட்டதில்லை.
விட மனசில்லை.
என்னுடையது சார் என்றேன்.
சும்மா இருந்திருக்கலாம்.

மறுபடியும் ஐந்து ரவுண்டு கொடுத்தார்கள்.
முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்திரி வாங்கி
மூக்குப் பிடி இரண்டிலும் இரண்டு சுற்று சுற்றினேன்.
கொண்டை ரப்பரைக் கழற்றி
காம்புகளைப் பின்மண்டையில் இழுத்துக் கட்டினேன்.
கண்ணாடி நெற்றிக்கு ஏறி உட்கார்ந்தது.
ஒச்சப்பன் பார்த்துவிட்டு
"அக்கா, பைலட்டு" என்றான்.

இப்போது முனை தெரிந்தது.
துளை நடுவில்
செங்குத்தாக நிறுத்திய நெல்மணி.
அட்டை மனிதன் மட்டும்
ஈரச் சுவரில் எழுதியதுபோல் ஊறிப்போனான்.
அதுதான் சரி என்றார் எஸ்.ஐ.
முனை தெளியணும், ஆள் மங்கணும்.
ஒவ்வொரு வருடமும் சொல்வதுதான்.
அந்த வருடம்தான் எனக்குக் காதில் விழுந்தது.

விரல் பாதி அழுத்தியிருக்கும்போது
நீலமாக ஒன்று குறுக்கே போனது.
மயிலாகத்தான் இருக்கும்.
ஆனால் ஒத்தக்கடைப் பள்ளிக்கூடப் பாவாடையும்
அதே நீலம்.
"நிறுத்து" என்று கத்தினேன்.
பதினோரு ரைபிளும் நின்றன.
தாடையை நெஞ்சோடு இறக்கி
மேல்கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.
மயில்.
அவசரமே இல்லாமல்,
தோகையை மண்ணில் இழுத்துக்கொண்டு போனது.
வரிசை முழுக்கச் சிரிப்பு.
எஸ்.ஐ. மட்டும் சிரிக்கவில்லை,
திட்டவும் இல்லை.
கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் சுட்ட ஐந்தும் என் அட்டையிலேயே.
மார்க் எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

சாயங்காலம் மேலக்கோபுரத் தெரு.
கண்ணாடி சரியில்லையா மேடம் என்றார்,
பிளாஸ்திரியைப் பார்த்துக்கொண்டே.
கண்ணுக்கும் முனைக்கும் தூரம் சொல்கிறேன்,
அந்தத் தூரத்துக்கு ஒன்று போட்டுக் கொடுங்கள் என்றேன்.
எந்த முனை என்றார்.
விளக்கிப் பார்த்தேன், புரியவில்லை.
ஸ்டூலை ஓரமாக நகர்த்தச் சொன்னேன்.
ஷட்டரைப் பாதி இறக்குங்கள்,
டேப்பை எடுங்கள் என்று சொல்லிவிட்டு
மொசைக் தரையில்
குப்புறப் படுத்தேன்.